ஜும்ஆவும் அண்டை வீட்டாரும்

 

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் நம் முன்னோர் தொடங்கிய ஜாமியா சூலியா பள்ளிவாசலும், 1827இல் அமைந்த ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஒரு தெரு இடைவெளியில் நிற்கின்றன. இருநூறு ஆண்டுகளாக நாம் நல்ல அண்டை வீட்டார்.

அந்தப் பெயரை இன்று நாம் காக்கிறோமா? சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜமாஅத் தவறிவிடுமே என்ற அவசரத்தில், நம்மவர் ஒருவர் பள்ளியருகே ஒரு சந்தை அடைத்துக் காரை நிறுத்திவிட்டார். டயாலிசிஸுக்குப் போகவேண்டிய சீன மூதாட்டி சக்கர நாற்காலியில் அரை மணி நேரம் காத்திருந்தார். நாம் தொழுது வெளியே வந்தபோது அவர் மகன் சத்தம் போடவில்லை. "தொழுகை முடிந்ததா?" என்று மட்டும் கேட்டார். நாம் தலைகுனிந்தோம்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நாமே இடையூறாகலாமா?

பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவோம். எம்ஆர்டியில் வருவோம். காரில் வந்தால் உரிய இடத்தில், தொலைவானாலும், நிறுத்திவிட்டு நடப்போம். பள்ளியை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு. தூரம் கூடினால் நமக்கு நஷ்டமில்லை.

பொன்விழா ஆண்டில் நம் பிள்ளைகள் முன் எடுக்கும் உறுதி இதுவாக இருக்கட்டும்.