துப்ரோவ்னிக் நகரின் மதில்

அதிரியாற்றிக் கடலோரத்திலே, குரோவேசியாவின் தென்பகுதியில், துப்ரோவ்னிக் என்னும் பழம்பெரும் துறைமுகப் பட்டினம் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்து நிற்கும் கல்மதிலின் நீளம் ஏறத்தாழ 1,940 மீற்றர். அதன்மேல் நடந்தே நகரை முழுதும் வலம்வரலாம். தரைப்பக்கத்தில் மதிலின் கனம் சிலவிடங்களில் 6 மீற்றர். கடற்பக்கத்திலோ அதனிற் பாதிக்கு மேற்படாது. வடமேற்கு மூலையில், மதிலின் மிகவுயர்ந்த இடத்தில், மிஞ்சேத்தா என்னும் வட்டக் கோபுரம் ஓங்கி நிற்கின்றது.

ஆயினும், நேயர்களே, அச்சிறு குடியரசைப் பல நூற்றாண்டுகள் காத்தது கல் மட்டுமன்று. ஒட்டோமான் சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 பொற்காசு திறை செலுத்தி, போரைத் தவிர்த்து, கடல் வாணிகத்தால் அது செழித்தது. நயமான தூதே அதன் இரண்டாவது மதிலாயிற்று. 1667 இல் நிகழ்ந்த நிலநடுக்கம் நகரை வீழ்த்தியபோதும், மக்கள் அதனை மீளக் கட்டியெழுப்பினர். 1806 இல் பிரெஞ்சுப் படை உட்புகுந்ததும் மதிலை உடைத்தன்று, வாயில் திறந்துவிடப்பட்டது. இரண்டாண்டுகளிற் குடியரசு மறைந்தது.

1979 இல் இந்நகர் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அந்தப் பெருமையும் அதற்குக் கவசமாகவில்லை. 1991 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆம் திகதி, யூகோசிலாவியப் படையின் எறிகணைகள் மதிலைக் கடந்து வந்து வீடுகளின்மேல் வீழ்ந்தன. உயிர்கள் மாண்டன; கூரைகள் சிதைந்தன.

இன்று மதில்மேல் நடப்போர் கீழே நோக்குவாராயின், போருக்குப்பின் வேய்ந்த செந்நிற ஓடுகளுக்கிடையே வெளிறிய பழைய ஓடுகளைக் காண்பர். புதியன மிகுதி, பழையன குறைவு. நேர்ந்த அழிவின் அளவை அவ்வோடுகளே உரைக்கின்றன.