மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி



கோயில் திருவிழாக்களில் வேட்டுப் போடுவோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். கனத்த இரும்புக் குழாயின் வாயில் கரிமருந்தைக் கொட்டி, அதன்மேல் மண்ணையோ செங்கற்பொடியையோ இட்டு, கோலால் இடித்துக் கெட்டித்து, அடியிலுள்ள சிறு துளையின் வழியே நெருப்பு வைப்பார்கள். அந்தக் குழாயை நீளமாக்கி, மரக்கட்டையொன்றில் பொருத்தி, விசையும் குறிமுனையும் சேர்த்தால் எது கிடைக்குமோ அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் ஓதப்பட்ட விதி. ஆதலால் வேட்டுக் குழாயிலிருந்து தொடங்கினேன்.

துப்பாக்கி என்றதும் நம் மனக்கண்முன் வருவது தோட்டா. அதனுள் மருந்து, குண்டு, பொறி ஆகிய மூன்றும் தொழிற்சாலையிலேயே அளவாக அடைக்கப்பட்டிருக்கும். பழைய துப்பாக்கிக்குத் தோட்டா இல்லை. சுடுபவர் ஒவ்வொரு முறையும் மருந்தை அளந்து, குழலின் வாய்வழியே கொட்டி, குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ளி, இறுதியில் பொறியை அமைக்க வேண்டும். தொழிற்சாலை செய்யும் வேலை முழுவதும் அவருடைய இரண்டு கைகளில் வந்து சேருகிறது. இந்தக் கலையின் இன்பமும் அபாயமும் இதிலேதான் இருக்கின்றன.

இப்படைக்கலத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் கலந்ததே கரிமருந்து. 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பெருவழக்கான விகிதம். கிழக்கிந்தியக் கம்பெனியார் பாட்னாவிலிருந்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது இம்மருந்துக்காகவே. முதலில் எரியும் திரியால் மருந்தைப் பற்றவைத்தார்கள். பின்னர்ச் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறியைப் பயன்படுத்தினார்கள். இந்தப் பொறியின் ஒளியைக் கண்டு பறவைகள் குண்டு வருமுன்னரே பறந்துவிடுவதைக் கவனித்த அலெக்சாண்டர் ஃபார்சைத் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், அடிபட்டாலே வெடிக்கும் இரசாயனத்தைக் கொண்டு பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அம்முறையிலிருந்து வளர்ந்ததே ‘கேப்பு’ எனப்படும் சிறு செப்புமூடி. நம் நாட்டில் 1857இல் பெரும் கிளர்ச்சிக்குக் காரணங்களில் ஒன்றாக நின்ற என்ஃபீல்டு துப்பாக்கியும் வாய்வழி மருந்திடுவதே. மருந்தும் குண்டும் சுற்றிய காகிதப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொட்ட வேண்டியிருந்ததனால்தான், அதன்மேல் தடவிய கொழுப்பைப் பற்றிய செய்தி சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தது. 1866இல் பிரிட்டிஷ் படையினர் பின்புறம் திறந்து தோட்டா இடும் முறையை மேற்கொண்டனர். வாய்வழித் துப்பாக்கியின் போர்க்காலம் அதனோடு முடிவை நெருங்கியது.

போரை விட்டு நீங்கிய கருவி விளையாட்டில் மறுபிறவி எடுத்தது. அமெரிக்காவில் இதற்கென ஒரு தேசியச் சங்கம் 1933இல் தோன்றியது. இந்தியானா மாநிலத்தில் ஃப்ரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரில் அதன் சுடுகளம் உள்ளது. நட்பு என்று பொருள்படும் பெயரையுடைய ஊரில் துப்பாக்கிப் போட்டி நடைபெறுவது ஒரு சுவையான பொருத்தம்! பிரிட்டனில் 1952இல் ஒரு சங்கம் அமைந்தது. பல நாடுகளும் கூடிப் போட்டியிடுவதற்கான அனைத்துலகக் குழு 1971இல் பிறந்தது. பென்சில்வேனியா மாநிலத்தில் 1974ஆம் ஆண்டு முதல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான்வேட்டைக் காலம் ஒதுக்கப்பட்டு வருகிறது.

இதனை நம் நேயர்களுக்கு ஏன் கூறுகிறேன் என்று கேட்கலாம். கல்விக்கும் தொழிலுக்கும் கடல் கடந்து செல்லும் நம் இளைஞர்கள் பலர். அங்குள்ள நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தகைய களத்துக்கு அழைத்துச் செல்லக்கூடும். பழங்காலப் பொருள்தானே, விளையாட்டுச் சாமான் போன்றதுதானே என்ற எண்ணம் அப்போது எளிதில் எழும். அந்த எண்ணமே தொடக்கநிலையாளருக்கு முதற்பகை. அரை அங்குலக் குழலிலிருந்து புறப்படும் ஈயக்குண்டு பழைய துப்பாக்கியிலிருந்து வந்தாலும் உயிரைக் குடிக்க வல்லது.

முதலிற் செய்யத்தக்கது துப்பாக்கி வாங்குவது அன்று. ஒரு சங்கத்தை நாடி, அனுபவம் மிக்க ஒருவருடைய கண்பார்வையில் கற்பது. தாத்தா காலத்துத் துப்பாக்கி சுவரில் தொங்குகிறதென்று அதை எடுத்துச் சுடலாகாது. துருப்பிடித்த பழங்குழல் வெடித்துச் சிதறலாம். என்றோ கெட்டித்த மருந்து இன்னும் உள்ளே இருக்கலாம். பழைய அமைப்பில் புதிதாகச் செய்து, சோதித்து விற்கப்படுபவையே தொடக்கத்துக்கு ஏற்றவை. சக்கிமுக்கி வகையில் விசையை இழுத்தபின் சிறு தாமதம் உண்டு. அந்தக் கணத்தில் கை அசைந்தால் குறி தவறும். ஆகவே கேப்பு வகையில் பழகிய பிறகு அதற்குச் செல்வது நலம்.

அடுத்தது மருந்து. இவ்விடத்தில் ஒரு விதியை மனத்தில் ஆணியடித்தாற்போல் பதித்துக்கொள்ள வேண்டும். இத்துப்பாக்கியில் கரிமருந்தையோ, அதற்கு மாற்றாகவென்றே செய்து விற்கப்படும் மருந்தையோ மட்டுமே இடலாம். 1884இல் பிரான்சு நாட்டு வியேய் என்பவர் கண்ட புகையில்லா மருந்தின் வழிவந்தவையே இன்றைய தோட்டாக்களில் உள்ளவை. அவை எழுப்பும் அழுத்தம் மிகப் பெரிது. அளவு சிறிதாயிருந்தாலும் அவை கரிமருந்துக் குழலைப் பிளந்துவிடும். கையும் கண்ணும் இழந்தோர் கதைகளிற் பல இந்த ஒரு பிழையால் வந்தவை.

கரிமருந்திலும் மணியின் பருமனைக் கொண்டு வகைகள் உண்டு. ‘எஃப்’ என்னும் எழுத்து எத்தனை கூடுகிறதோ அத்தனை நுண்மை. அரை அங்குலமும் அதற்கு மேலும் உள்ள துளைகளுக்கு இரண்டு எஃப், அதற்குக் குறைந்தவற்றுக்கு மூன்று எஃப் என்பது பொதுவழக்கு. நான்கு எஃப், சக்கிமுக்கித் துப்பாக்கியின் பற்றுவாய்க் கிண்ணத்தில் இடும் ரஞ்சகத்துக்கு. அளவை ‘கிரெயின்’ என்பர். ஒரு கிரெயின் ஒரு குன்றிமணியின் எடையில் ஏறத்தாழப் பாதி. துப்பாக்கியைச் செய்தவர் தரும் குறிப்பில் சொன்ன அளவுகளில் சிறியதிலிருந்து தொடங்க வேண்டும். மிகுதியாக இட்டால் நன்றாகச் சுடும் என்று எண்ணுவது பிழை.

இனிக் கெட்டிக்கும் ஒழுங்கைக் கூறுகிறேன். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் அணிந்தாகிவிட்டது. அருகில் புகைப்பார் எவருமில்லை. குழலின் வாய் ஆளில்லாத திசையை நோக்குகிறது. நம் முகம் அதற்கு மேலே இல்லை என்று கொள்வோம். முதலில், உள்ளே ஒன்றுமில்லை என்பதைக் கோலை விட்டுப் பார்த்து உறுதி செய்க. இரண்டாவது, மருந்தைத் தனி அளவுக் குவளையில் அளந்து கொட்டுக. மருந்துக் கொம்பிலிருந்தோ குப்பியிலிருந்தோ நேரே கொட்டலாகாது. முன்சுட்டதன் கனல் உள்ளே தங்கியிருந்தால் கையிலுள்ள கொம்பு முழுவதும் வெடிக்கும். மூன்றாவது, எண்ணெயோ கொழுப்போ தடவிய துணித்துண்டை வாயில் வைத்து, அதன்மேல் உருண்டையான ஈயக்குண்டை வைக்க. அரை அங்குலத் துளைக்கு 0.490 அங்குலக் குண்டு போதும். எஞ்சிய இடைவெளியைத் துணி நிரப்பும். நான்காவது, கோலைச் சிறு சிறு பிடியாகப் பிடித்துத் தள்ளி, குண்டை மருந்தின்மேல் நன்கு அமரச் செய்க. இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் புடைக்கலாம், பிளக்கவும் கூடும். ஐந்தாவது, சுடும் கோட்டில் நின்று, இலக்கை நோக்கிய பின்னரே கேப்பை வைக்க. கேப்பு எப்பொழுதும் கடைசி.

ஐந்து படிகள்தாமே, இதில் என்ன கடினம் என்று தோன்றும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் என்னுமிடத்தில் பெரும்போர் நடந்தது. போர் முடிந்தபின் களத்திலிருந்து திரட்டிய துப்பாக்கிகள் 27,574 என்று கணக்கெடுத்தனர். அவற்றுள் ஏறத்தாழ 24,000 சுடப்படாமல் கெட்டித்தபடியே கிடந்தன. அவற்றிலும் ஏறத்தாழப் பாதியில், ஒன்றின்மேல் ஒன்றாக இருமுறை கெட்டிக்கப்பட்டிருந்தது. ஒன்றில் 23 முறை! பயிற்சி பெற்ற வீரர்களே புகையிலும் இரைச்சலிலும் தம் துப்பாக்கி சுட்டதா இல்லையா என்பதை அறியாமல் மீண்டும் மீண்டும் கெட்டித்திருக்கின்றனர். அவர்களை அறிவிலிகள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கலங்கிய மனத்துக்கு நினைவு துணைநில்லாது என்பதையே அத்துப்பாக்கிகள் காட்டுகின்றன.

அமைதியான களத்திலும் இது நிகழும். பக்கத்திலிருப்பவர் ஏதோ கேட்கிறார்; விடை சொல்லித் திரும்புகிறோம்; மருந்தை இட்டோமா? இடாமல் குண்டை மட்டும் இறக்கிவிட்டால் அது பெரும்பாலும் தொல்லையோடு போகும். திருகாணி முனையுள்ள கோலால் குண்டை இழுத்தெடுக்க வேண்டிவரும். இருமுறை இட்டுவிட்டாலோ உயிருக்கே கேடு. இதற்கு முன்னோர் கண்ட வழி மிக எளியது. வெறுங்குழலில் கோலை விட்டு, வாயின் மட்டத்தில் ஒரு கோடு கீறுவர். சரியாகக் கெட்டித்தபின் மற்றொரு கோடு கீறுவர். பின்னர் எத்தனை ஐயம் வந்தாலும் கோலை விட்டுப் பார்த்தால் போதும். கீழ்க்கோடு, மேற்கோடு, இரண்டுக்கும் புறம்பான நிலை என்று கோல் தானே சாட்சி சொல்லும். தன் நினைவைவிடக் கோலின் கோட்டை நம்புகிறவரே இக்கலையில் தேர்ந்தவர். கெட்டிக்கும்போது யாரேனும் பேசினால் கையுயர்த்தி நிறுத்திவிட்டு, வேலை முடிந்தபின் விடை கூறுவது அக்களங்களில் மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதில்லை.

விசையை இழுத்தும் சுடாவிட்டால் உடனே குழலைத் திருப்பிப் பார்க்கலாகாது. உள்ளே மருந்து புகைந்துகொண்டிருக்கலாம். இலக்கை நோக்கியபடியே குறைந்தது ஒரு நிமிடம் நிறுத்துக. களத்தின் விதி அதற்கு மேல் சொன்னால் அதற்கு அடங்குக. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் ஈரத்துணியைக் குழலுள் செலுத்தித் துடைத்தால் கனலும் அணையும், கரியும் நீங்கும்.

வீடு திரும்பியதும் வேலை முடியவில்லை. கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. ஒரு பகுதி வெண்புகையாகச் செல்ல, மற்றது குழலில் படிகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அன்றைக்கே வெந்நீரும் சவர்க்காரமும் கொண்டு கழுவி, உலரத் துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவைத் தொடலாகாது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இத்தகைய துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். வனவிலங்குகளை வேட்டையாடுவதை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. பிரிட்டனில் கரிமருந்து வைத்திருக்கவே தனிச் சான்று தேவை. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இவ்வகைக்குச் சில விலக்குகள் அளித்தாலும் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடும். களத்திற் கால் வைக்கும் முன்னரே அயல்நாட்டவருக்குள்ள விதிகளையும் சேர்த்துக் கேட்டறிவது கடமை.

மணிக்கணக்கில் உழைத்தாலும் ஒருவர் காலையில் இருபது முப்பது முறை சுட்டால் அதிகம். அதனை அக்களத்தார் குறையாக எண்ணுவதில்லை. ஒவ்வொரு குண்டும் தம் கையால் அளந்து, தம் கையால் அமைத்து அனுப்பியது என்ற நிறைவே அவர்களை மீண்டும் அங்கே அழைக்கிறது. அந்த நிறைவை நாடிச் செல்லும் நம் இளைஞர் எவராயினும், கோலில் இரண்டு கோடுகளைக் கீறிக்கொண்ட பிறகே முதற் குண்டை இறக்குவாராக.