ஒரே பெட்டியில் பல அலைவரிசை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராணுவ வயர்லெஸ் பற்றி கெங்குவார்பட்டியில் எதற்குப் பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். நாம் மலையடிவாரத்தில் குடியிருக்கிறோம், அதனால்தான்.

நீங்கள் கேட்கும் கோடை எப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. இது வி.எச்.எப். அலை, ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலை மேலிருந்து அனுப்புவதால் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது. நடுவே ஒரு மலை மறித்தால் மங்கிவிடும். 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எச்.எப். அலையோ, வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலை தாண்டி, கடல் தாண்டிப் போகும். ராணுவ விமானங்களுக்கு 225 முதல் 400 வரை தனி வரிசை.

முன்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் பெட்டி. இப்போது வங்கியில் சிங்கிள் விண்டோ வந்த மாதிரி, ஒரே பெட்டியில் மென்பொருளே அலைவரிசையை மாற்றுகிறது. பேச்சைச் சங்கேதமாக்கி, அதிர்வெண்ணை நொடிக்குப் பல தடவை மாற்றுவதால் எதிரி ஒட்டுக்கேட்பதும் கடினம். 2025 பிப்ரவரியில் கடலோரக் காவல்படைக்கு மென்பொருளால் இயங்கும் 149 வயர்லெஸ் கருவிகள் வாங்க, பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் சுமார் 1,220 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது.

2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயை நம் மாவட்டம் மறக்காது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். வனத்துறை, போலீஸ், தீயணைப்புத் துறை, விமானப்படை ஹெலிகாப்டர் எல்லாம் மீட்பில் இறங்கின. அப்படிப்பட்ட நேரத்தில் தரையில் நிற்பவரும் மேலே பறப்பவரும் நேரடியாகப் பேச, இருவருக்கும் பொதுவான அலைவரிசை வேண்டும். இந்தக் கருவியின் அருமை அங்கேதான்.

2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி செயலிழந்தபோது, அமெச்சூர் வானொலிக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் வயர்லெஸில் செய்தி அனுப்பி உதவினார்கள். அவர்கள் ராணுவத்தினர் அல்ல. உரிமம் பெற்ற பொதுமக்கள்.

ராணுவக் கருவி நமக்குத் தேவையில்லை. ஆன்லைனில் மலிவாக வரும் வாக்கி டாக்கியையும் விசாரிக்காமல் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் போலீஸ் அலைவரிசையில் குறுக்கிட்டால் மீட்பு வேலை கெடும், வழக்கும் வரும். உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் குறைந்த சக்திக் கருவி உண்டு; அரசு அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

12 வயது நிரம்பிய பிள்ளைகள் அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நம் தெருவில் இரண்டு பேர் உரிமம் வாங்கினால் போதும். செல்போன் டவர் வேலை செய்யாத மழை இரவிலும் நம் ஊரின் குரல் வெளியே கேட்கும்.