எழுவது வல்லரசா, நல்லரசா?

(மயிலாடும்பாறையில் ஆற்றிய உரை)



உலக அரசியலில் புதிய ஆற்றல்கள் எழுகின்றன என்று நாளும் கேட்கின்றோம். நெடுங்காலம் அடிமைப்பட்டிருந்தோர் எழுவது கண்டு மகிழாதார் யார்? ஆயினும், எழுவோர் யாரை எழுப்புகின்றனர் என்பதே நம் வினா.

பிரேசில், உருசியா, இந்தியா, சீனா ஆகிய நான்கையும் 2001ஆம் ஆண்டில் ஒரு பெயரில் தொகுத்தவர் அமெரிக்க நிதி நிறுவனமொன்றின் பொருளியலர். அவர் அளந்தது சந்தையின் வளர்ச்சியை. குடிசையின் நிலையை அன்று. அந்நான்கும் 2009 சூன் 16இல் உருசிய மண்ணில் முதல் உச்சிமாநாடு கூட்டின. தென்னாப்பிரிக்கா பின்னர்ச் சேர்ந்தது.

அம்மாநாட்டுக்கு இருபது நாள் முன்பு, மே 27இல், செனீவாவில் நிகழ்ந்தது என்ன? முள்ளிவாய்க்காலின் குருதி உலருமுன், ஒன்றிய நாடுகளின் மாந்த உரிமைப் பேரவை இலங்கை அரசைப் பாராட்டி ஒரு முடிவு நிறைவேற்றியது. ஏற்றவை 29 நாடுகள், மறுத்தவை 12, ஒதுங்கியவை 6. மேற்கூறிய ஐந்து நாடுகளும் ஏற்றே ஒப்போலை அளித்தன. நிறவெறியை வென்றெழுந்த தென்னாப்பிரிக்காவுமா என்று நெஞ்சம் துணுக்குறுகின்றது! அப்போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஒன்றிய நாடுகளின் வல்லுநர் குழுவே 2011இல் உரைத்தது.

மறுத்தவருள் பெரும்பாலார் ஐரோப்பியர். அவர்தம் குடியேற்ற வரலாற்றை அறிந்த நாம் அவரை அறக்காவலர் எனப் போற்றவும் வேண்டுவதில்லை.

ஐவரும் இவ்வாறு நின்றது ஏன்? உள்நாட்டுச் செய்தியில் அயலார் தலையிடலாகாது என்னும் கொள்கையே அவர் காட்டிய கரணியம். ஒருகால் அது வலியாரிடமிருந்து எளிய நாடுகளைக் காத்த கேடயம். இன்றோ, சொந்த மக்களின் அழுகுரலிலிருந்து அரசுகளைக் காக்கும் கேடயமாயிற்று. கேடயம் ஒன்றே, பிடித்த கை மாறிற்று.

நம் வீட்டையும் நோக்குவோம். பொருளியல் அளவில் உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்று இந்தியா. 2025இல் வெளியான ஒன்றிய நாடுகளின் மாந்த வளர்ச்சி வரிசையிலோ, 193 நாடுகளுள் அதன் இடம் 130. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியுமுன் ஏலத்தோட்டக் கூலிக்கு மலையேறும் நம் பெண்டிர்க்கு இக்கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டுமோ?

தமிழில் வன்மை வேறு, வண்மை வேறு. முன்னது வலிமை, பின்னது ஈகை. ஓரெழுத்தே வேறுபாடு, ஆயின் வல்லரசுக்கும் நல்லரசுக்கும் உள்ள தொலைவு அவ்வெழுத்தில் அடங்கியுள்ளது. எந்நாடு எழுந்தாலும் அதன் படையை எண்ணாதீர், பண்டத்தை எண்ணாதீர். அதன் கடைக்கோடி மாந்தன் நிமிர்ந்து நிற்கின்றானா என்று கேளுங்கள். அக்கேள்வியை விடாது கேட்கும் மக்களே உண்மையில் எழும் ஆற்றல்!