மலை மறித்த அலைகள்: நாஞ்சில் நாட்டில் ஒளிபரப்பு வந்த வரலாறு

(இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில், பூதப்பாண்டியில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மொழியின் வரலாற்றைக் கல்வெட்டிலும் ஓலைச்சுவடியிலும் தேடுவது தமிழாய்வு மரபு. அச்சு வந்தபின் நூல்களிலும் இதழ்களிலும் அறிஞர் தேடினர். சென்ற நூற்றாண்டில் மொழி காற்றின் வழியாகவும் பயணம் செய்யத் தொடங்கியது. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்த மொழியின் குரல் வீட்டுக்குள் நுழைந்தது என்பது, பொறியாளர் மட்டுமன்றி இலக்கிய மாணவரும் கேட்க வேண்டிய வினாவாகும். பூதப்பாண்டியை நடுவாக வைத்து அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

பழையாற்றின் கரையில், தாடகை மலையின் நிழலில் அமைந்த ஊர் பூதப்பாண்டி. தோவாளை வட்டத்தின் தலைமையிடம். மேடைப் பேச்சால் தமிழகத்தையே உலுக்கிய ஜீவா 1907இல் பிறந்த மண். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தினின்று பிரிந்து, 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்துடன் இணைந்தன. அதற்காக மக்கள் தந்த விலை இவ்வவையினருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஆயின் அந்நாளில் நிலம் இணைந்ததேயன்றிக் காற்று இணையவில்லை. அது இணைவதற்கு மேலும் ஒரு தலைமுறைக்காலம் ஆயிற்று.

வானொலிக் காலம்

திருவிதாங்கூர் அரசின் வானொலி 1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 1950 ஏப்ரல் 1 முதல் அது அகில இந்திய வானொலியின் நிலையமாயிற்று. மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பின்னரும், பூதப்பாண்டிக்கு மிக அண்மையில் இருந்த நிலையம் அதுவே. திருநெல்வேலி நிலையம் 1963இல்தான் தோன்றியது. இவ்விரண்டுக்கும் அப்பால், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தென்கோடி மக்களின் காலைப் பொழுதையும் மாலைப் பொழுதையும் ஆட்கொண்டிருந்தது. சென்னைத் தமிழைக் காட்டிலும் கொழும்புத் தமிழ் செவிக்கு நெருக்கமாக இருந்த காலம் ஒன்று இங்கு உண்டு.

இத்தனை குரல்களும் தடையின்றி வந்து சேர்ந்தமைக்கு அறிவியற் காரணம் ஒன்று உளது. மத்திய அலை வானொலியின் அலைநீளம் சில நூறு மீட்டர். அது நிலத்தைத் தழுவிச் செல்லும். மேடு பள்ளங்களை வளைந்து கடக்கும். கடற்பரப்பில் இன்னும் நெடுந்தூரம் ஓடும். இரவில் வான்மண்டலத்தில் எதிரொளித்துத் தொலைவிலும் இறங்கும். ஆகவே வானொலிக் காலத்தில் மலை ஒரு மதிலாக நிற்கவில்லை. தொலைக்காட்சி வந்தபோதே அது மதிலாயிற்று.

மலையும் எண்ணும்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று பிறந்தது. சென்னைக்கும் பூதப்பாண்டிக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே 600 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவு. ‘ஒலியும் ஒளியும்’ பார்க்கச் சென்னைத் தெருக்கள் வெறிச்சோடிய வெள்ளிக்கிழமைகளைப் பற்றி, நாஞ்சில் நாட்டார் இதழ்களில் படித்தே அறிந்தனர்.

தொலைக்காட்சி அலை ஏறத்தாழ ஒளியைப் போன்றது, நேர்க்கோட்டில் செல்வது, மலைக்குப் பின்னே நிழல் விழச்செய்வது. இந்தியாவில் அதற்கென முதலில் ஒதுக்கப்பட்டவை இரு பட்டைகள். 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை 2, 3, 4 என மூன்று எண்கள். 174 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை 5 முதல் 12 முடிய எட்டு எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் 7 மெகாஹெர்ட்ஸ் அகலம். ஆக மொத்தம் 11 எண்களே நாடு முழுமைக்கும். ஒரே எண்ணை அண்மையிலுள்ள இரு நிலையங்களுக்குத் தந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஆதலின் திருவனந்தபுரத்துக்கு ஓர் எண் தரப்பட்டால், அதன் வீச்சுக்குள் அடங்கும் நாகர்கோவிலுக்கு வேறோர் எண் தேட வேண்டும். எந்த எண் எந்த ஊருக்கு என்பதை வகுக்கும் பொறியாளரின் வரைபடத்தில் குன்றின் உயரமும் கோபுரத்தின் உயரமும் இருக்கும். மக்கள் பேசும் மொழிக்கு அதில் கட்டம் இராது.

பூதப்பாண்டியின் வடக்கிலும் கிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கிறது. தென்தமிழகத்துக்கென உயர்சக்தி ஒளிபரப்பி அமைந்த கொடைக்கானல் நேர் வடக்கே 200 கி.மீ.க்கு அப்பால் உள்ளது; இடையில் மகேந்திரகிரியும் அதன் தொடரும் குறுக்கிடுகின்றன. மேற்கே திருவனந்தபுரமோ ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், தாழ்ந்த குன்றுகளுக்கு அப்பால் இருக்கிறது. எனவே திருவனந்தபுரம் நிலையம் 1985 ஜனவரி 1 அன்று மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியபோது, நாஞ்சில் நாட்டுக் கூரைகளில் நின்ற மீன்முள் ஆன்டெனாக்கள் இயல்பாகவே வடமேற்கு நோக்கின. சென்னையில் செய்த சாலிடேர், டயனோரா பெட்டிகளில் மலையாளச் செய்தியும் மலையாளத் திரைப்படமும் ஓடின. மொழிக்காகப் போராடி எல்லையை மாற்றிய ஒரு மாவட்டத்தின் வரவேற்பறையில், முப்பது ஆண்டுக்குள் எல்லைக்கு அப்பாலுள்ள மொழி நாள்தோறும் வந்து அமர்ந்தது. மலையாளத்தின்பால் பகை ஏதுமின்றியே இதனைக் கூற வேண்டும். நல்ல நாடகங்களையும் தரமான திரைப்படங்களையும் அம்மொழி இங்குள்ளோர்க்குத் தந்தது. இருப்பினும் அது மக்கள் தேர்ந்த தேர்வன்று; மலை தேர்ந்து தந்தது.

ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பிய வீடுகளும் இருந்தன. 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கிய இலங்கையின் ரூபவாகினி, 2524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையுச்சியிலிருந்து ஒளிபரப்பியது. 350 கி.மீ.க்கும் அப்பாலிருந்து, இடையில் கடலன்றி வேறு தடையின்றி அவ்வலை வந்தது. கடலின் மேல் வெப்பக்காற்றுப் படர்ந்து குளிர்காற்றை மூடும் நாள்களில், அலை அவ்விரு அடுக்குகளுக்கிடையே வாய்க்கால் நீர்போல வழிந்தோடும். அன்று படம் தெளியும். மறுநாள் வெறும் புள்ளிமழையே எஞ்சும். நீண்ட குழாயும் பூஸ்டரும் வைத்துக் கூரைமேல் ஒருவர் நின்று திருப்ப, உள்ளிருந்து ஒருவர் குரல் கொடுத்த அக்காட்சியை இவ்வவையில் நரைத்த தலையினர் மறந்திரார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியில் இயங்கிய அந்நிலையத்தின் வழியே, தொலைக்காட்சியில் தமிழ் கேட்கும் வாய்ப்பு அயல்நாட்டிலிருந்து கிட்டியது.

கூரையை அண்ணாந்து பார்த்தே ஒரு வீட்டார் எதைப் பார்க்கின்றனர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கீழ்ப்பட்டை எண்களுக்கு இரண்டேகால் மீட்டர் அளவுக்கு நீண்ட கம்பிகள் வேண்டும். மேற்பட்டை எண்களுக்கு முக்கால் மீட்டர் போதும். கம்பியின் நீளம் எண்ணைக் காட்டும். அது நோக்கும் திசை மொழியைக் காட்டும்.

இரண்டு வகை நிலையங்கள்

1984ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டில் நாடெங்கும், நாளொன்றுக்கு ஒன்று என்னும் வேகத்தில் சில மாதங்கள் சிறுசக்தித் தொலைக்காட்சி நிலையங்கள் அமைக்கப்பட்டன. முந்தைய ஆண்டு விண்ணேறிய இன்சாட்-1பி செயற்கைக்கோளே அதற்கு வழி வகுத்தது. இவ்வகை நிலையங்கள் தாமாக எதையும் படைப்பதில்லை. மேலிருந்து வருவதை வாங்கி ஊருக்குள் அனுப்பும் அஞ்சல் நிலையங்களே அவை. மேலிருந்து அந்நாளில் வந்ததோ பெரும்பாலும் தில்லியின் இந்தி நிகழ்ச்சி.

அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் வேறு வகையான நிலையம் ஒன்று பிறந்தது. அகில இந்திய வானொலியின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. தேசிய, மாநில ஒலிபரப்புகளுக்குக் கீழே மூன்றாம் அடுக்காக, ஒரு மாவட்டத்தின் மக்களுக்காக அவர்களிடையே நின்று பேசும் நிலையம் என்னும் கருத்து இந்தியாவில் முதன்முதலாகச் செயல் வடிவம் பெற்றது நாஞ்சில் நாட்டில்தான். பண்பலையில் இயங்கும் அதன் வீச்சும் குறுகியதே. மலைக்கு அப்பால் செல்லாததே. ஆயினும் அக்குறுக்கமே இங்குப் பயனாயிற்று. தனக்கென எல்லை வகுத்துக்கொண்ட அக்குரல், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோகத்தின் கணக்கையும், தோவாளைப் பூச்சந்தையையும், வில்லிசையையும் விளக்கவுரை இல்லாமலே பேசும் தகுதி பெற்றது.

சொல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ‘வெள்ளம்’ என்பது குடிக்கும் தண்ணீரையும் குறிக்கும். சென்னைச் செய்தியாளரின் வாயில் அச்சொல் பெருக்கையும் அழிவையும் மட்டுமே குறிக்கும். ஒரே தமிழ்தான்; எனினும் ஒரு சொல் எந்த வீட்டில் எப்பொருளில் வழங்கும் என்பதை அறிந்து பேசுவோர் அவ்வூரில் இருந்தாக வேண்டும்.

மலை தோற்றபின்

1990களில் மலையின் ஆட்சி முடிவுற்றது. செயற்கைக்கோள் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில். அங்கிருந்து இறங்கும் அலைக்கு மகேந்திரகிரி ஒரு பொருட்டன்று. வியப்பு யாதெனின், கொடைக்கானல் அலைக்குக் குறுக்கே நின்ற அதே மகேந்திரகிரியின் அடிவாரத்தில்தான், செயற்கைக்கோள்களை ஏற்றிச்செல்லும் இந்திய ஏவூர்திகளின் எந்திரங்கள் இஸ்ரோவால் சோதிக்கப்பெறுகின்றன.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. அதே ஆண்டில் மலையாளத்தில் ஏசியாநெட்டும் வந்தது. தென்னைகளின் ஊடே கேபிள் கம்பிகள் நீண்டன. காற்றில் தொலைக்காட்சிக்குக் கிடைக்காதிருந்த இடைப்பட்ட அலைவெண்கள் கம்பிக்குள் பயன்பட்டமையால், பதினொன்று என்னும் எண்ணிக்கை பல மடங்காயிற்று. கூரை ஆன்டெனாக்கள் ஒன்றொன்றாகத் துருப்பிடித்துக் காகங்களின் இருக்கையாயின. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது.

தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசைக்கு 2000ஆம் ஆண்டு பொங்கலன்று ‘பொதிகை’ எனப் பெயர் சூட்டினர். தமிழ் முனிவன் உறைவதாக மரபு கூறும் பொதிகை, பூதப்பாண்டிக்கு வடக்கே நீளும் இதே மலைத்தொடரைச் சார்ந்தது. எந்தத் தொடர் தமிழ் அலையை மறித்ததோ அதன் பெயராலேயே தமிழ் அலை வீட்டுக்குள் வந்தது. 2024 ஜனவரியில் அப்பெயரும் நீங்கி ‘டிடி தமிழ்’ ஆயிற்று. காற்றுவழித் தொலைக்காட்சி நிலையங்களும், நாட்டின் சில இடங்களில் வைத்திருப்பவை நீங்கலாக, 2022 மார்ச்சுக்குள் படிப்படியாக மூடப்பட்டன. எண் வழங்கும் பணி பொறியாளரின் வரைபடத்திலிருந்து கேபிள் நிறுவனங்களின் பட்டியலுக்கு மாறியுள்ளது. இன்று எண்கள் நூற்றுக்கணக்கில் உள. ஒரு மொழியின் அலைவரிசைகள் வகைவாரியாக அடுத்தடுத்து அமைய வேண்டும் என்னும் விதியும் 2017 முதல் உளது.

1956இல் தொடங்கிய இணைப்பு இவ்வாறு நிறைவெய்தியது எனக் கொள்ளலாமா? பூதப்பாண்டி வீடுகளில் இன்று தமிழ் ஓயாது ஒலிக்கிறது. ஆனால் அது சென்னையில் செய்யப்பட்ட தமிழ். மாநில மொழி வீட்டுக்குள் வருவது ஒன்று. வீட்டின் மொழி வெளியே கேட்கப்படுவது பிறிதொன்று. முன்னது நிகழ்ந்துவிட்டது. பின்னதற்கு இவ்வட்டாரம் பெற்ற முதன்மையான கருவி, 1984இல் பிறந்த அவ்வுள்ளூர் நிலையமே.

அதன் தேவை அழகுணர்ச்சியைச் சார்ந்தது மட்டுமன்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது, கடலுக்குச் சென்ற மீனவர் பலர் கரை திரும்பவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லாத வீட்டில் நூறு அலைவரிசைகளும் ஒரே கருந்திரைதான். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிக்கு அத்தடை இல்லை. அதில் பேசுவோர்க்குக் கடற்கரை ஊர்களின் பெயர்கள் பிழையின்றித் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் துறைக்கு எச்செய்தி உயிர்ச்செய்தி என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

உள்ளூர் நிலையம் ஒன்றின் சொந்த நேரம் சுருங்கித் தலைநகரத்து நிகழ்ச்சிகளின் அஞ்சல் பெருகுமானால், அது பெயரளவில் நிலையமாக இருந்தும் கோபுரமாகவே நிற்கும். அந்நிலை நேராமல் காப்பதில் எழுதுவோர்க்குப் பங்குண்டு. பேசுவதற்குப் பொருள் இல்லாத நிலையத்தைக் காப்பாற்றுமாறு எவரிடமும் கேட்க இயலாது.

ஆகவே பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம். முதலாவது, காதால் கேட்பதற்கென்றே எழுதுதல். கண்ணால் படிக்கும் கவிதைக்கும் காதால் கேட்கும் கவிதைக்கும் உள்ள வேறுபாட்டை வில்லிசைக் கலைஞர் அறிவர். அவர்களிடமிருந்து கவிஞர் கற்கலாம். இரண்டாவது, நாஞ்சில் வழக்கில் எழுதக் கூசாமை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த நாட்டில் எளிய சொல்லுக்கு எவரும் வெட்க வேண்டியதில்லை. மூன்றாவது, முதியோரின் குரல்களை இன்றே ஒலிப்பதிவு செய்தல். நடவுப் பாட்டும், மதகு திறந்த நாளின் கதையும், ஆன்டெனா திருப்பிய இரவின் நினைவும் அவர்களோடு மறையாதிருக்கட்டும். ஒரு கைப்பேசி போதும்; அலைவரிசை எண் எதுவும் வேண்டா.

தாடகை மலையை நகர்த்த எவராலும் இயலாது. நகர்த்த வேண்டிய தேவையும் இன்றில்லை. அதன் அடிவாரத்தில் பேசப்படும் தமிழை, அதே அடிவாரத்தினின்று ஒலிக்கச் செய்வது இயலும். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் அதைச் செய்யுமாயின், 1956இல் நிலத்தால் இணைந்தோர் குரலாலும் இணைந்தவராவர்.