தென்னையைக் காக்கும் வைரஸ்



வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சளிக்காய்ச்சலும், டிங்கியும், 2020-இல் நம்மை வீட்டுக்குள் முடக்கிய கொரோனாவும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால், வைரஸ் யாவும் நமக்குப் பகை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தென்னைக்கும் செம்பனைக்கும் காவலாக நிற்கும் ஒரு வைரஸைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

வைரஸ் பாக்டீரியாவைவிட மிகச் சிறியது. அது தானாக உண்ணாது, தானாகப் பெருகாது. வேறோர் உயிரின் உயிரணுவுக்குள் நுழைந்து, அதைக் கொண்டே தன்னைப் போலப் பலவற்றைச் செய்துகொள்ளும். எல்லா வைரஸும் எல்லா உயிரையும் பற்றுவதில்லை. தனக்குப் பொருந்தும் உயிரைத்தான் பற்றும்.

சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்குக் காண்டாமிருக வண்டைத் தெரிந்திருக்கும். கறுத்த உடல், தலையில் ஒற்றைக் கொம்பு. இரவில் விளக்கைத் தேடிப் பறந்து வரும். மரத்தின் குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். பிறகு அந்த ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் இருக்கும். குருத்தே அழிந்தால் மரம் பட்டுப்போகும். இதன் புழுக்கள் மக்கிய மரத்திலும் சாணக் குவியலிலும் வளரும்.

பசிபிக் கடலில் சமோவா என்றொரு தீவு நாடு உண்டு. அங்கே தென்னைதான் மக்களின் பிழைப்பு. 1909 வாக்கில் இலங்கையிலிருந்து கொண்டுபோன ரப்பர் கன்றுகளோடு இந்த வண்டும் அங்கே போய்ச் சேர்ந்தது. அதை அடக்கும் நோய் அங்கே இல்லாததால் பெருகித் தென்னைகளை நாசமாக்கியது. கையால் பொறுக்கியும் தீரவில்லை.

வண்டின் இயற்கைப் பகையைத் தேடிய ஜெர்மானிய அறிஞர் அலாய்ஸ் ஹூகர், 1963-இல் நம் மலேசிய மண்ணில் நோயுற்ற வண்டுப் புழுக்களைக் கண்டார். அவற்றை ஆராய்ந்தபோது, அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் வெளிப்பட்டது. 1967-இல் அந்த வைரஸைச் சமோவாவில் பரப்பினார்கள். வண்டுகள் வெகுவாகக் குறைந்தன, தென்னைகள் தழைத்தன. பிறகு ஃபிஜி, தொங்கா முதலிய தீவுகளும் இதே வழியைப் பின்பற்றின.

இது எப்படி நடக்கிறது? நோயுற்ற வண்டின் குடலில் வைரஸ் பெருகி, எச்சத்தோடு வெளியேறுகிறது. வண்டு பறந்துபோய் அமரும் குருத்திலும் முட்டையிடும் குப்பையிலும் மற்ற வண்டுகளுக்கும் புழுக்களுக்கும் அது தொற்றுகிறது. புழுக்கள் மடிகின்றன. வண்டுகள் குறைவாக உண்டு, குறைவாக முட்டையிட்டு, விரைவில் சாகின்றன. மனிதருக்கும் மாட்டுக்கும் இதனால் தீங்கில்லை.

இயற்கையில் வைரஸின் வேலை இதோடு முடியவில்லை. கடலில் பெருகும் பாக்டீரியாக்களை அளவோடு வைத்திருப்பதில் வைரஸுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வளவு ஏன், தாயின் வயிற்றில் நஞ்சுக்கொடி உருவாக உதவும் மரபணுக்களில் ஒன்றே, மிகப் பழங்காலத்தில் நம் மூதாதை உயிர்களுக்குள் புகுந்த ஒரு வைரஸ் விட்டுச் சென்றதுதான்.

ஆனாலும் வைரஸ் பார்த்துக்கொள்ளும் என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. 2007-இல் குவாம் தீவில் கண்டறியப்பட்ட வண்டுகள் இந்த வைரஸுக்கு எளிதில் அடங்காத வகையைச் சேர்ந்தவை. ஆகவே, வண்டு வளரும் இடத்தை ஒழிப்பது நம் கையில்தான் இருக்கிறது. வெட்டிச் சாய்த்த மரத்தை வீட்டருகே மக்க விடாதீர்கள். சாணக் குவியலை அடிக்கடி கிளறிப் பாருங்கள். கொழுத்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் எடுத்துக் கோழிக்குப் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போடவும் தவறாதீர்கள். சின்னம்மையும் போலியோவும் வைரஸ் நோய்களே. பெரியம்மையும் ஒரு வைரஸ் நோய்தான். அது உலகிலிருந்தே ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதை ஒழித்ததும் தடுப்பூசிதான்.