உணர்வில்லாத காலில் வலி

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னை அழைத்தபோது, "தன்னம்பிக்கை பற்றிப் பேசுங்களேன்" என்றார். சக்கர நாற்காலிக்காரனிடம் எல்லோரும் கேட்கும் தலைப்பு அது! "சார், அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வலியைப் பற்றிப் பேசுகிறேனே" என்றேன். பெரிய மனதோடு சம்மதித்தார்.

என்னைத் தெரியாத மாணவர்களுக்காக இரண்டு வரி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சாலை விபத்தில் என் தண்டுவடம் அடிபட்டது. தொப்புளுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் அதே காலில் ராத்திரி இரண்டு மணிக்கு நெருப்பு எரியும். சித்திரை வெயிலில் கொதிக்கிற மணலில் செருப்பில்லாமல் நிற்கிற மாதிரி. சில சமயம் கரண்ட் ஷாக். சில சமயம் எறும்பு ஊர்கிற மாதிரி. இடுப்பைச் சுற்றி யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலவும் இருக்கும். கால் நேராக நீட்டியிருக்கும். எனக்கோ மடக்கி வைத்திருப்பதாகத் தோன்றும். போர்வையை விலக்கிப் பார்த்தால்தான் நிச்சயமாகும்.

இதைச் சொன்னால் எவ்வளவு பேர் நம்புவார்கள்? "உனக்குத்தான் காலில் உணர்ச்சியே கிடையாதே, அப்புறம் எப்படிப்பா வலிக்கும்?" என்று உறவினர்கள் கேட்டார்கள். ஒரு மருத்துவரே "மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பினார். என் அம்மா மட்டும், "எந்தக் கால்டா?" என்று கேட்டார். பள்ளிக்கூடமே போகாத அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி.

இதன் காரணத்தை எளிமையாகச் சொல்கிறேன். தண்டுவடம் என்பது உடம்புக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் கேபிள். கேபிள் பழுதானால் டெலிபோன் ஊமையாகிவிடும் என்று நினைப்போம். பழைய டெலிபோன் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், சில சமயம் ஓயாத இரைச்சலும் கேட்கும். அடிபட்ட இடத்தை ஒட்டிய நரம்பு செல்கள், கீழிருந்து சேதி வராவிட்டாலும் தாமாகவே துடிக்கின்றன. அந்த இரைச்சலை மூளை "கால் எரிகிறது" என்று படித்துக்கொள்கிறது. தண்டுவடம் அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நரம்பு வலி உண்டு.

இதற்கு ஒரு அண்ணன் முறையும் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்கள், இல்லாத காலில் வலிப்பதாகச் சொன்னார்கள். சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர் அதைக் கேலி செய்யாமல் எழுதி வைத்து, 1871ல் 'மாய உறுப்பு' என்று பெயரும் கொடுத்தார். நம்பிக் கேட்டதில்தான் அந்த மருத்துவ அறிவே பிறந்தது.

சரி, மருந்து உண்டா? சாதாரண வலி மாத்திரை இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. காபாபென்டின், பிரிகாபலின் ஆகியவை வலிப்பு நோய்க்கும் தருகிற மருந்துகள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. பிரிகாபலினை இந்த வலிக்கென்றே அமெரிக்க அரசு 2012ல் அங்கீகரித்தது. சீட்டைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, பைத்தியத்துக்கா மாத்திரை?" என்று வீட்டில் பதற வேண்டாம். வலியை அடியோடு எடுக்காது; பத்தில் எட்டாக இருப்பது ஐந்தானால் தூக்கம் வரும், வேலைக்குப் போகலாம். தூக்கக் கலக்கம், தலைசுற்றல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மூன்று எச்சரிக்கைகள். இவற்றை மட்டுமாவது வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

ஒன்று, கால் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். எரிவதாகச் சொல்கிற அதே காலுக்கு, நிஜமாகவே வெந்தால் தெரியாது. தோல் கொப்பளித்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு, பழகிய வலி திடீரென்று கூடினால் உடம்பு ஏதோ சொல்கிறது. சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த நகம் என்று தேடிப் பாருங்கள். பல வருடம் கழித்து மரத்துப்போன எல்லை மேலே ஏறினாலோ, கை புதிதாக வலுவிழந்தாலோ, தண்டுவடத்துக்குள் நீர் கோத்திருக்கலாம். ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

மூன்று, நெஞ்சுப் பகுதியின் ஆறாவது கண்ணியிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை வந்தால் அது ரத்த அழுத்தம் எகிறுவதன் அடையாளம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கி அடைத்திருக்கிறதா பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிர் போகிற சமாசாரம்.

இந்த வலியோடு வாழ முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். 1954ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன், 1981ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். என் அனுபவத்தில், கையில் வேலை இருக்கும்போது வலி பின் வரிசைக்குப் போய்விடும். சும்மா இருந்தால் முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும், கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பேராசிரியர் முன்னால் அழைத்து உட்கார வைத்த மாதிரி!

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் டாக்டர் ஆவீர்கள், சிலர் அதிகாரி ஆவீர்கள். எல்லோருமே யாருக்காவது மகன், மகள், அண்ணன், தங்கை. ஒருவர் "வலிக்குது" என்று சொன்னால், சாட்சி கேட்காதீர்கள். "எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது, நேத்தைக்கு இன்னைக்கு எப்படி?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவு எதுவும் இல்லை.

அமர்கிறேன். ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறேன், ஆகவே விடைபெறுகிறேன். வணக்கம்.